ஆறு

மத்க்வாரி ஆற்றில்
ஆஸ்பத்திரிச் சாக்கடை வந்து சேரும் இடத்தில்
வாளியை இறக்குகிறாள் நனூலி.
திபிலீசியில் பனி. கையுறைக்குள் விரல் மரத்துப்போயிற்று.

வெல்டர் தெங்கிஸின் குதிகாலில்
ஏழு மாதமாய் ஆறாத புண்.
எல்லா மருந்தையும் தின்று
கொழுத்துவிட்டது கிருமி.
காலை எடுக்க வியாழக்கிழமை குறித்தாயிற்று.

கிருமிக்கும் ஒரு நோய் இருக்கும்.
தேடு.

நாற்பது வாளி, நாற்பது கண்ணாடித் தட்டு.
செவ்வாய் இரவு
மங்கலாய்ப் படர்ந்த கிருமிப் பரப்பில்
குண்டூசித் தலையளவு ஓட்டை:
ஏதோ ஒன்று, கண்ணுக்கெட்டாதது,
தின்னத் தொடங்கியிருக்கிறது.

ஃபோனை எடுக்கிறாள் நனூலி.
வியாழன் வேண்டாம்.

"இது எங்கே கிடைத்தது?"
குப்பியை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்க்கிறான் தெங்கிஸ்.
"ஆற்றில்."
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.