இரண்டாம் பாகத்தில் இறக்கிவிட்டார்கள்

ஐப்பசியில் பனகுடிக்காரர்களின் காற்று படுத்துவிடும்.
நாற்பத்திரண்டு காற்றாடிகளும்
தூக்கிய கை தூக்கியபடி
யாரோ ‘சிலை’ சொல்லிவிட்டுப் போன பிள்ளைகளாய் நிற்கும்.
கட்டுப்பாட்டு அறையில் எனக்கு ராத்திரி வேலை.
பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு முன்னால் இருந்தவர் எபனேசர்.
துலேக்கு மாற்றலாகிப் போகையில்
மூடி இல்லாத பிளாஸ்க் ஒன்றையும்
கணினியில் ஒரு விளையாட்டையும் விட்டுப்போயிருந்தார்.
பெயருக்குப் பின்னால் இரண்டு என்று போட்டிருந்தது.
ஒன்றைத் தேடினேன். இல்லை.

தொட்டதும் கேட்டது:
முதல் பாகத்தில் நீ செய்ததையெல்லாம் கொண்டுவரவா?
என்ன செய்தேன்?
‘வேண்டாம்’ என்று சொல்லவும்
ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே.
‘ஆமாம்’ என்றேன்.

பனி கொட்டும் துறைமுகம்.
கப்பலை விட்டு இறங்கினால்
கூட்டமே மண்டியிட்டு, எபனேசர், எபனேசர் என்கிறது.
ஒரு கொல்லன் என் கையைப் பிடித்துக்கொண்டு
‘அன்றைக்குப் பாலத்தில் நீர் மட்டும் நிற்காவிட்டால்’
என்று தொடங்கி, முடிக்க முடியாமல் அழுகிறான்.
எந்தப் பாலம் என்று கேட்கப் பொத்தான் இல்லை.
அடுத்த தெருவில் ஒருத்தி
என் செருப்படியில் துப்பினாள்.
காரணம் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும் என்று நினைக்கிறாள்.

விடிந்து டீக்கடைக்குப் போனேன்.
“காத்தாடி ஆபீசா? எபனேசர் தம்பி எடத்துக்கா வந்திருக்கிய?”
நோட்டைப் புரட்டினார். நூற்று நாற்பது ரூபாய்.
“தரமாட்டேன்னு சொல்லல பாத்துக்கிடுங்க.
ஆபீஸ்ல வாங்கிக்கிடுங்கன்னாரு.
ஆபீஸ்னா இப்ப நீங்கதான?”
கொடுத்தேன்.
அதில் வடை எத்தனை என்று கேட்கவில்லை.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன்:
ஓரன் – நண்பனா, நான் கொன்றவனின் அண்ணனா?
சாம்பல் போர் – எல்லோரும் சொல்கிறார்கள், ஒருவரும் விளக்கவில்லை.
கூட வரும் இரண்டு பேரும்
நான் கிட்டே போனால் பேச்சை நிறுத்துகிறார்கள்.
ஒருநாள் சன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.
டிராகன்தான் என்று வாளை உருவிவிட்டேன்.
மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்களாம்.

பிறகு அந்த ஓடக்காரி.
நடு ஆற்றில் துடுப்பைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்:
“என் தம்பியை ஞாபகம் இருக்கிறதா?”
கீழே மூன்று வரிகள்.
இருக்கிறது.
இல்லை.
பேசாமல் இரு.

மணி இரண்டரை. துலேக்குப் போன் போட்டேன்.
அவரும் ராத்திரி வேலைதான், முதல் மணியிலேயே எடுத்தார்.
“ஓடக்காரி தம்பியா…
மூணு வருசம் ஆச்சே, வே.
காப்பாத்திருப்பேன். இல்லன்னா,
அந்த எடத்துல கரண்டு போச்சுன்னு நெனைக்கேன்.
திரும்ப ஆடும்போது
படிக்காமலே தட்டித் தள்ளிட்டேன்.”
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.
“டீக்கடையில ஒரு பாக்கி…”
“குடுத்தாச்சு.”
“அங்க காத்து எப்படி?”
“இல்ல.”
“இங்கயும் இல்ல.”

திரையில் அவள் அப்படியே இருந்தாள்.
ஆறு ஓடிக்கொண்டிருந்தது, ஓடம் ஓடவில்லை.
அவள் முகத்தைப் பார்க்காமல்
‘இல்லை’யை அழுத்தினேன்.
கத்தியை எடுப்பாள் என்றிருந்தேன்.
துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
“அப்படியா. சரி, கேள்.
அவனுக்கு நீந்தத் தெரியாது.”

பதினேழாம் காற்றாடிக்கு நேரே
பூஜ்யம் போய்ப் புள்ளி நான்கு வந்திருந்தது.
வந்த நேரத்தை எழுதி வைக்க வேண்டும்.
எழுதலாம்.
அவள் இன்னும் ஊர்ப் பெயரையே சொல்லி முடிக்கவில்லை.