எதிர்காற்றுக்கு எத்தனை வாட்

ஆனி பிறந்தால் பழவூருக்கு மேற்கே
சைக்கிள் மிதிப்பது
பூட்டின கதவை நெஞ்சால் தள்ளுவது.
ஆறு கிலோமீட்டர். பதினொரு கேரியர்.
காற்றாலை ஆட்களுக்குப் பன்னிரண்டரைக்குச் சோறு.
போகும்போது பாரம், எதிர்காற்று.
வரும்போது காலிப் பாத்திரம், பின்காற்று.
இந்தக் கணக்கைப் போட்டவன் எவனோ
ஒருநாளும் சாம்பார் சுமந்தவன் இல்லை.

லைசென்ஸ் கிடையாது. எட்டுப் போடப் போய்
ஏழிலேயே விழுந்தவள் நான்.
அதனால்தான் மோட்டார் வைத்த சைக்கிள் என்று
சீட்டுப் பணம் பதினெட்டாயிரத்தை
முந்தியில் முடிந்து வள்ளியூர் பஸ் ஏறினேன்.

எபனேசர் முதலில் காட்டியது பெட்ரோல் எஞ்சின்.
கயிற்றை இழுத்தான்.
தெரு நாயெல்லாம் எழுந்து நின்றது.
"மலையே ஏறும்க்கா."
மலைக்கு யார் போறா?
ரசத்தில் பெட்ரோல் வாசம் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து கரண்ட்.
ஆயிரம் வாட் என்றான், ஐநூறு என்றான்,
இருநூத்தம்பதுக்கு மேல போனா
லைசென்ஸ் கேப்பாவ என்று
தானே குரலைத் தாழ்த்தினான்.
அப்போ இருநூத்தம்பது.
"இந்தக் காத்துக்குப் பத்தாதேக்கா."
நானும் மிதிப்பேம்லா?
இத்தனை வருஷம் நான் எத்தனை வாட்டில் ஓடினேன் என்று
எவன் அளந்து பார்த்தான்?

ஆசிட் பேட்டரி பாதி விலை.
தூக்கினேன். நாலு கேரியர் கனம்.
நாலு பேர் சோற்றை இறக்கிவிட்டு
பேட்டரிக்கு ஊர்வலம் காட்டவா போகிறேன்?
லித்தியம் என்று செங்கல் அளவில் ஒன்று கொடுத்தான்.
விலை கேட்டதும் அதுவும் கனத்தது.

முன் சக்கரமா, பின் சக்கரமா?
பின்னால்தான் பிடிப்பு என்றான்.
பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த தங்கக்கண்
தலை நிமிராமல் சொன்னான்,
"பின்னாலதான் சோறு இருக்குல்லா."
முன்னாலேயே மாட்டு என்றேன்.

மிச்சம் ஆயிரத்து நூறு.
கண்ணாடி, ஹாரன், கலர் லைட் என்று அடுக்கினான்.
பிரேக் கட்டையைத் தொட்டேன்,
பாத்திரம் தேய்த்த நகம் மாதிரி இருந்தது.
ரெண்டு சக்கரத்துக்கும் புதுசு போடச் சொன்னேன்.
அச்சு திரும்பாமலிருக்க ஒரு இரும்புப் பட்டை.
ஹாரனுக்கு என் தொண்டை இருக்கிறது.

புதன்கிழமை முதல் ஓட்டம்.
திருகினதும் முன் சக்கரம்
மிட்டாய்க் கடையைப் பார்த்த பிள்ளை மாதிரி
கையைப் பிடித்து இழுத்தது.
ஊர் தாண்டினதும் காற்று வந்தது.
வேகம் பதினாலு. பிறகு ஒன்பது.
மிதித்தேன். பதினொன்று.

இரண்டு பக்கமும் காற்றாடிகள்
அதே காற்றைக் கரண்டாக்கிக் கம்பியில் அனுப்புகின்றன.
ராத்திரி என் அடுக்களை பிளக்கில்
அதில் ஒரு துளி இறங்கியிருக்கலாம்.
அதை வைத்துத்தான் இப்போது
அதே காற்றின் மூஞ்சியில் முட்டுகிறேன்.
இது திருட்டா, கூலியா, தெரியவில்லை.

கால் மணி நேரம் முந்திப் போய்விட்டேன்.
நிறுத்திப் போட்ட காற்றாடியின் உச்சியில் ஆட்கள்.
பக்கத்துக் காற்றாடியின் நிழல்
வெட்டி வெட்டிப் போகிற தரையில்
கேரியர்களை எண்ணி வைத்தேன்.
ஒன்றில் மட்டும் மூடியோரம் சாம்பார் கசிந்திருந்தது.
விரலால் வழித்து நக்கினேன். உப்பு சரி.

திரும்பும்போது மோட்டாரை அணைத்தேன்.
பின்காற்று இருக்க சார்ஜை எதுக்குக் கெடுக்கணும்?
வழியெல்லாம்
பிரேக்கைத்தான் பிடித்துக்கொண்டே வந்தேன்.