கவிழ்த்த வாளி

கோபுஸ்தானில் சேறு கொதிப்பதில்லை,
குளிர்ந்தே குமிழ்கிறது, அவசரமே இல்லாமல்.
ரெய்ஹான் வாளியைக் கவிழ்த்து
விளிம்பைக் காலால் அமுக்குகிறாள்.
மூன்று நிமிடம். எண் ஏறுகிறது.

"நேற்று வந்திருந்தால் சும்மா கிடந்திருக்கும்,"
என்கிறார் ஆடு மேய்க்கும் தெல்மான்.
"போன குளிர்காலம் தீயாக எழுந்து
என் ஆட்டில் பதினொன்றைத் தின்றது.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?"

பதில் இல்லை.
தூரத்தில் எண்ணெய்க் கிணறுகள் தலையாட்டுகின்றன.
மண் தானாக விட்ட மூச்சு இவ்வளவு என்று
கழித்துக் காட்டினால்தான்
மிச்சம் அவற்றின் கணக்கில் ஏறும்.

பாகுவில் ஒற்றை எண் கேட்கிறார்கள்.
எழுதுகிறாள்: இவ்வளவு,
கூட்டியோ குறைத்தோ அதில் பாதி.

பிறகு, ஓரத்தில், பென்சிலால்:
ஆடு, பதினொன்று.