தகவல் தந்தவர்

பட்டிப்பளைக் கந்தோரில் எனக்குத் தந்த வேலை
பழைய மரணப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவது.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் நனைந்து
அப்பளம்போல் காய்ந்த தாள்கள்.
புரட்டினால் ஓரம் உதிர்கிறது.
மேசையைத் துடைக்கும்போது
யாரோ ஒருவருடைய ஊர்ப்பெயரும் சேர்ந்து போகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
படுவான்கரையில் எவரும்
ஐம்பத்தேழு வயதில் சாகவில்லை.
நாற்பத்து மூன்றிலும் இல்லை. அறுபத்தொன்றிலும்.
நாற்பது, ஐம்பது, அறுபது என்று
வரம்பு பார்த்துத்தான் விழுந்திருக்கிறார்கள்.
"எத்தினை வயசு?"
"ஒரு அம்பது இரிக்கும்.
பெரிய வெள்ளத்துக்கு முந்திப் பிறந்த ஆள்."
பதிவுகாரர் ஐம்பது என்று எழுதிவிட்டு
அடுத்த தோணி ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

குழந்தைகளுக்கு மட்டும் கணக்குப் பிசகவில்லை.
ஒன்பது நாள்.
ஒரு வருடம், நாலு மாதம், இரண்டு நாள்.
பதினேழு நாள், பெயர் வைக்கவில்லை.

வீரக்குட்டி என்றொருவர், அம்பிளாந்துறை.
அந்த மாரியில் நாலு தரம் துறை தாண்டி வந்திருக்கிறார்.
தகவல் தந்தவர்: தந்தை.
காரணம்: காய்ச்சல். காய்ச்சல். மேற்படி. மேற்படி.
கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல்.
முதல் அடையாளம் மை கூடி
நசுங்கிய நாவற்பழம்; ரேகையே இல்லை.
இரண்டாவது இழுபட்டுக் கிடக்கிறது.
நாலாவது துல்லியம்.
ஒவ்வொரு சுழியையும் எண்ணலாம்.
எவ்வளவு மை தொட வேண்டும் என்று
அந்த மனிசனுக்குப் பழகிவிட்டது.

பன்னிரண்டு வருடம் கழித்து
வேறொரு புத்தகத்தில் அவரே.
தகவல் தந்தவர்: விதானை.
வயது: சுமார் ஐம்பது.

'சுமார்' கணினிக்குப் பிடிக்காது.
கட்டம் சிவக்கிறது.
ஐம்பது என்று மட்டும் அடித்தேன்.
பிறந்த திகதியைத் தானே நிரப்பிக்கொண்டது:
ஜனவரி ஒன்று.
இதுவரை நான் ஏற்றிய கிழவன் கிழவி எல்லாரும்
ஜனவரி ஒன்றில்தான் பிறந்திருக்கிறார்கள்.
முழுப் படுவான்கரைக்கும் ஒரே பிறந்தநாள்.
லோகிதன் சேரிடம் சொன்னேன்.
"கட்டம் வெறுமையா இல்லாட்டிச் சரி, மிஸ்" என்றார்,
டீயை ஆற்றிக்கொண்டே.

நாலேகாலுக்கு வாசலில்
விரல் வைக்கும் இயந்திரம்.
வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
விரலெல்லாம் தாள்தூசு.
சேலையில் துடைத்து வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
அழுத்தி வைத்தேன். அதற்கும் இல்லை.
பின்னால் வரிசையில் நின்ற பிள்ளை
"மெல்ல அமத்துங்க அக்கா" என்றாள்.

மெல்ல அமத்தினேன்.