பிணையில் ஐந்து கயாக்

கடன்தாரர் ஜெசிந்தா. ஊர் நம்புதாளை, தற்போது கண்டனூர்.
பிணை: கயாக் ஐந்து, கனூ ஒன்று.
மழை பிடித்து மூன்றாவது வாரம், கண்மாய் கலுங்கைத் தொட்டிருந்தது.
ஆய்வுக்குப் போனேன்,
கையில் படிவம், காலில் ஆபீஸ் செருப்பு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன்,
படிவத்தில் தனித்தனிக் கட்டம்.
"துடுப்பைப் பாருங்க மேடம்.
ரெண்டு முனையிலயும் அலகு இருந்தா கயாக்,
ஒத்தை அலகுன்னா கனூ.
கயாக்ல காலை நீட்டி உக்காரணும்.
கனூவில முழங்கால் போடணும், பூசையில மாதிரி."
எழுதிக்கொண்டேன்.
நீட்டி உட்காருவது ஐந்து, மண்டியிடுவது ஒன்று.
கீறல்கள்: வேலமுள் கிழித்தவை, கணக்கில் சேரா.

"முன்பக்கம் பேரு போ."
போ என்றால்?
"போ தான். எங்க அப்பா அணியம்பார்.
பின்பக்கம் அமரம், டூரிஸ்ட்டுக்கு ஸ்டெர்ன்."
முப்பது வருஷம் கவுண்டரில்
மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்த்து
நான் அதிகம் சொன்ன சொல்
ஒரு படகின் மூக்கு என்று அன்றுதான் தெரிந்தது.

"ஏறாம எப்படி நிலைமை எழுதுவீங்க?"
சரிதான். ஓடும் நிலையில் உள்ளதா என்று ஒரு கேள்வி உண்டு,
டிராக்டருக்கு அச்சடித்தது.

மடியைச் சுற்றி, தண்ணீர் உள்ளே வராமல்,
ரப்பர் விளிம்பு வைத்த ஒன்றை மாட்டிவிட்டாள்.
பாவாடை என்றுதான் அவளும் சொல்கிறாள்.

பிறகு டிராஃப்ட் என்றாள். சிரித்துவிட்டேன்.
காரைக்குடி பேங்குக்காரியிடமா?
"படகு தண்ணிக்குள்ள எவ்வளவு இறங்கியிருக்குங்கிறது.
ஆள் கனத்தா டிராஃப்ட் கூடும்."
மேலே மிஞ்சுவது ஃப்ரீபோர்டு. நாலு விரல் இருந்தது.
என் சேமிப்புக் கணக்கு அதற்கும் கீழே போய்த் திரும்பியிருக்கிறது.

ஸ்வீப் என்றால் பெருக்குவது.
அலகை முன்னால் இறக்கி, அகலமாக, அரைவட்டம்.
வலப்புறம் பெருக்கினால் படகு இடப்புறம் திரும்பும்.
குப்பை இல்லை, கொஞ்சம் வேலம்பூ.
பெருக்கப் பெருக்க என்னைச் சுற்றித் திரும்பின
பனைகள், செல்போன் கோபுரம்,
யாரோ ஒருவரின் மூன்று கட்டு வீட்டுப் பின்மதில்,
கரையில் என் செருப்பு.
வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், நோட்டு எண்ணும் குரலில்.

டிரா: அலகைத் தள்ளி நட்டு, படகை அதனிடம் இழுப்பது.
பிரேஸ்: சாயும்போது அலகால் தண்ணீரை
என்று அவள் ஆரம்பித்தாள்.
நாரை ஒன்று எழுந்தது. திரும்பிப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.

வெட் எக்ஸிட் என்பது
தலைகீழாகத் தொங்கும்போது ஞாபகம் வரவேண்டியது.
குனி, பாவாடை வாரை இழு, இடுப்பைத் தள்ளு, வா வெளியே.
எனக்கு ஞாபகம் வந்தது படிவம்,
பிளாஸ்டிக் உறையில் போட்டேனா இல்லையா.
பழுப்பு இருட்டு. மூக்கில் சேறு, ஆடு குளித்த வாசம்.
எப்படியோ வெளியே வந்து
முங்குறேன் முங்குறேன் என்று கத்தினேன்.

"நில்லுங்க மேடம்," என்றாள்.

நின்றேன்.
இடுப்பளவு.

கெண்டைக்குஞ்சு ஒன்று கணுக்காலை விசாரித்தது.
நின்றபடியே கேட்க வேண்டியதைக் கேட்டேன்:
பங்குனியில் இது வற்றிவிடும். தவணை முப்பத்தாறு.
"லாரியில ஏத்தி நம்புதாளை. கடல் வத்தாதே.
ஆனி ஆடியில மட்டும் கச்சான் அடிக்கும்..."
துடுப்பைத் துடைத்த கை நின்றது.
"அந்த ரெண்டு மாசம் கஷ்டம்தான்."
அந்த இடத்தில் அவள் பொய் சொல்லியிருக்கலாம்.

படிவத்தை வேலமுள்ளில் குத்திக் காயவைத்தோம்.
மை ஓடி, தொகை என்ற கட்டம் நீலக் குட்டையாகியிருந்தது.
ஓடும் நிலையில் உள்ளதா: ஆம்.
குறிப்பு: ஆய்வு அலுவலர் ஒருமுறை கவிழ்ந்தார். படகில் குறையில்லை.
ஒப்பம், லெ. உமையாள்.

விதிப்படி அடுத்த ஆய்வு ஆறு மாதம் கழித்து.
சனிக்கிழமை காலை ஒரு கயாக் சும்மா இருக்கிறதாம்.
பிரேஸ் பாதியில் நிற்கிறது.