காடு கலைக்கிறவர் மகன்

கரும்பு வெட்டு தொடங்குகிற அதே ஜூனில்
மான் வேட்டையும் தொடங்கும் எங்கள் தீவில்.
கரும்பு எங்களுக்கு, மான் அவர்களுக்கு.
யாரும் எழுதி வைக்கவில்லை,
ஆனால் யாருக்கும் மறந்ததில்லை.

மாமனார் வீராப்பென் காடு கலைக்கிறவர்.
கையில் ஒரு தகரம், வாயில் ஒரு கூச்சல்.
சமரேல் சரிவில் முள்ளுக்குள் நுழைந்து நடந்தால்
மான் முன்னால் ஓடும்.
மரக்கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் மிசியேக்கள் சுடுவார்கள்.
சாயங்காலம் கூலியோடு கொஞ்சம் கழுத்துக்கறி.
நாற்பது வருடத்தில் அவர் துப்பாக்கியைத் தொட்டது
ஒரே ஒரு தடவை,
ஒரு மிசியே ஒன்றுக்குப் போனபோது
பிடித்துக்கொள்ளச் சொன்னாராம்.
அந்த அரை நிமிடத்தைச்
சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.
சொல்லச் சொல்ல அது நீண்டுகொண்டே போனது.
கடைசிக் காலத்தில் அந்தக் கதையில்
மிசியே திரும்பி வரவே இல்லை.

என் வீட்டுக்காரர் ரோஸ் ஹில்லில் பல் வைத்தியர்.
சிங்காரவேலு வீராப்பென், பித்தளைப் பலகை.
ஐம்பதாவது வயதில் லைசென்ஸ் வாங்கினார்.
போலீஸ் வந்து அலமாரிப் பூட்டை
ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
பிறகு அதே சரிவில் வேட்டைப் பங்கு.
எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன்.
பெண்ணின் படிப்புச் செலவைச் சொல்லி
அதைவிடக் குறைவு என்றார்.

அங்கே வந்திருந்தான் ஓர் அமெரிக்கன்,
டென்னஸிக்காரன், டாயல் என்று பெயர்.
விருந்தில் தன் வீட்டைச் செல்பேசியில் காட்டினான்:
சமையலறைச் சுவரில் கொள்ளுத்தாத்தாவின் துப்பாக்கி,
அதற்கு நேர் கீழே ரொட்டி சுடும் அடுப்பு.
அதைத் தூக்கிக்கொண்டுதான்
அந்த நிலத்துக்கு வந்தாராம் கிழவர்.
முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்றேன்.
காடு, என்றான்.
உங்கள் ஆள் என்ன கொண்டுவந்தார் என்று கேட்டான்.
ஒரு எண், என்றேன். ஆறு இலக்கம்.
விளங்காமல், மரியாதையாகச் சிரித்தான்.

துப்பாக்கியா கொல்கிறது, மனுஷன்தானே என்றான் பிறகு.
என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.
இது எங்கள் பாஷையில் எப்போதோ இருக்கிறது,
எய்தவன் இருக்க அம்பை நோவானேன்!
மேசை முழுக்கக் கைதட்டல்.
தட்டில் மான்கறி, கிராம்பு கொஞ்சம் தூக்கல்.
அம்புக்குப் பரிந்து பேச ஒரு பழமொழி இருக்கிறது,
தைத்த இடத்துக்கு உண்டா என்று யோசித்தேன்.
உடனே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.
இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் நானும் கோபுரம் ஏறினேன்.
கீழே தகரச் சத்தம், கூச்சல்.
இவர் உதடு அசைந்தது.
அந்தக் கூச்சலில் அடுத்து என்ன வரும் என்று
இவருக்குத் தெரியும்.
மான் வந்தது. ஒரே குண்டு.
புதர் விலக்கி வெளியே வந்தான் ஒரு பையன்,
பதினாறு இருக்கும், முழங்கையில் முள் கீறல்.
நிமிர்ந்து பார்த்து 'மிசியே' என்றான்.
முப்பது வருடக் கல்யாணத்தில்
இவர் முதுகு அவ்வளவு நேராக
நான் பார்த்ததில்லை.

வீரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
வெறி என்றும் சொல்ல மாட்டேன்,
ஈறில் ஊசி பட்டால் மன்னிப்புக் கேட்கிற மனுஷன்.
ஒன்றுக்குப் போன அந்த மிசியே
திரும்பி வரக் கூடாது, அவ்வளவுதான்.

சரஸ்வதி பூஜைக்குப்
பல் பிடுங்கும் குறடுக்கும் பொட்டு,
துப்பாக்கிக்கும் பொட்டு.
மறுநாள் குங்குமம் துடைக்க எடுத்தேன்.
வீட்டில் யாருமில்லை. தோளில் வைத்தேன்.
எண்ணெய் வாசனை.
கண்ணாடியைப் பார்க்கவில்லை,
பார்க்காமலே தெரிந்தது, பொருந்தியிருந்தது.
வாசலில் ரொட்டிக்காரப் பையன் கூப்பிட்டான்,
மதாம், மதாம் என்று.
கொஞ்ச நேரம் கூப்பிடட்டும் என்று
விட்டுவிட்டேன்.