பதினொரு கிலோமீட்டர்

இன்றைக்கு எழுபது என்று
நேற்றிரவு கூடாரத்துக்குள், டார்ச் வெளிச்சத்தில்
வரைபடத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து முடிவு செய்தேன்.
விரலுக்கு மூச்சு வாங்குவதில்லை.

காலையில் அலெந்தேஜோ கரை
மூடுபனியைப் போர்த்திக்கொண்டு எழ மறுத்தது.
துவைத்த காலுறைகள் காயவில்லை.
கைப்பிடியில் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன்.
முதல் மேட்டிலேயே இடப்பக்கத்தது விழுந்தது.
திரும்பிப் போய் எடுத்தேன்.
அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வடகாற்று முதுகில் உள்ளங்கை வைத்துத் தள்ளியது.
மிதிக்கவே தேவையில்லை.
சும்மா உட்கார்ந்திருக்கிறவளைத்
தெற்கே கொண்டுசேர்க்க அதற்கென்ன அவசரமோ!
பிரேக் பிடித்தேன்.

பாறை விளிம்பைவிட்டு விலகி, கடலுக்குள் ஒரு கல்தூண்.
அதன் உச்சியில் செங்கால் நாரையின் கூடு.
அலை வந்து அடியில் மோதும்போதெல்லாம்
குஞ்சு கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறது,
யாரது என்று கேட்பது போல.
தாய் நாரையிடம் தூது சொல்லி அனுப்பலாம்;
சொல்ல ஒரு சேதியும் இல்லை எனக்கு.
அது எவ்வளவு பெரிய சொத்து என்று
ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்னும்வரை யோசித்தேன்.

போர்த்தோவில் என் வேலை
ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகளை எடுப்பது.
எங்கே, என்ன, மூச்சு இருக்கிறதா.
பத்து மாதமாக இந்த மூன்று கேள்விகளோடுதான்
குடித்தனம்.

மிரா ஆறு கடலில் கலக்கும் இடத்தில்
படகு இருந்தது, படகுக்காரர் இல்லை.
மகளுக்குப் பல் பிடுங்கக் கூட்டிப் போயிருக்கிறார் லியோனெல்
என்றாள் காபிக்கடை அல்பெர்த்தினா.
எப்போது வருவார்?
அது பல்லைப் பொறுத்தது.

டோமினோவுக்கு ஒரு கை குறைந்தது.
காலுறைகளை வேலிக்கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.
என் கூட்டாளி எவாரிஸ்து, மீன் லாரி ஓட்டுகிறவர்,
நான் வைத்த ஒவ்வொரு காய்க்கும்
வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.
மூன்று ஆட்டம் தோற்றோம்.
தோற்றவர்கள் மத்தி வாங்கித் தர வேண்டுமாம்.
கரியில் சுட்ட மத்தி, ரொட்டியில் ஊறிய எண்ணெய்,
விரல் இடுக்கில் உப்பு.
மணி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.
நானும்.

வெயில் மேசையின் காலுக்கு இறங்கியபோது
லியோனெல் வந்தார். பின்னால் பெனெதித்தா,
ஒரு கன்னம் மட்டும் உப்பி.
மூச்சு இருக்கிறதா என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
அவள் தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள்:
பஞ்சின் மேல் ஒரு கடைவாய்ப் பல்
அடகிலிருந்து மீட்ட நகைபோல் படுத்திருந்தது.
வலித்ததா என்றேன்.
டாக்டருக்குத்தான். கடித்துவிட்டேன்.

அக்கரைக்குப் பத்து நிமிடம்.
வழி முழுக்க என் சைக்கிள் மணியை அவள்தான் அடித்தாள்.
ஒரு நீர்க்காகம் மட்டும் மதித்து வழிவிட்டது.

வெளிச்சம் இன்னும் இரண்டு மணி நேரம் மிச்சம்;
முப்பதாவது ஓட்டியிருக்கலாம்.
மணல்மேட்டின் மறைவில் கூடாரம் அடித்து
நோட்டில் 11 என்று எழுதினேன்.

குளிரத் தொடங்கியதும் தேடினேன்.
காலுறை ஒன்றுதான் இருந்தது.
அக்கரையில், கடையின் வேலிக்கம்பியில்
சின்னதாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது.
காய்ந்திருக்கும்.

நாளை முதல் படகு எட்டரைக்காம்,
பெனெதித்தாவுக்கு வேறு பல் ஏதும்
ஆடாமல் இருந்தால்.